பார்க்கும்வரை நிற்காத இடையிசை

சகாயராஜ் அண்ணன் இறந்த செய்தி எனக்கு வாட்ஸ்அப்பில் வந்தது. பூந்தமல்லியில் மெட்ரோ வேலைக்காகப் போட்ட தடுப்பை ஒட்டி எங்கள் கம்பெனி வேன் நின்றுகொண்டிருந்தது. அதாவது வழக்கம்போல நகரவில்லை. பழைய இன்னிசைக் குழுவின் குரூப்பில் கீபோர்டு மோகன் இரண்டே வார்த்தை போட்டிருந்தான்: "அண்ணன் போயிட்டாரு." குழு இருந்த காலத்தில் அந்த குரூப்பில் இப்படிப் போட்டால் அண்ணன் கச்சேரிக்குக் கிளம்பிவிட்டார் என்றுதான் நாங்கள் எடுத்துக்கொள்வோம். அந்தப் பழக்கத்தில் நான் யோசிக்காமல் "எந்த மண்டபம்?" என்று தட்டி அனுப்பினேன்.

கொஞ்ச நேரம் கழித்து மோகன் போன் செய்தான்.

"டேய், மண்டபம் இல்லடா. ஊட்லதான் கீறாரு. ஐஸ் பெட்டி வந்துகினு கீது."

என் கேள்வியை அழித்துவிடலாம் என்று பிறகு தேடினேன். அழிப்பதற்கான நேரம் தாண்டிவிட்டிருந்தது. இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. அண்ணனைப் பற்றி நான் எழுதிய முதல் அஞ்சலி அது. இது இரண்டாவது.

முப்பதாம் நாள் திருப்பலிக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க ஒரு சிறு மலர் போடுகிறோம், நீ எழுது என்று மோகன் சொன்னபோது ஆள் மாறிவிட்டது என்று நினைத்தேன். பிளஸ் டூவைப் பாதியில் விட்டவன் நான். திருமழிசை எஸ்டேட்டில் பாட்டில் மூடி செய்யும் கம்பெனியில் ஷிஃப்ட் பார்க்கிறேன். ஒரு காலத்தில் குழுவில் தபேலா வாசித்தேன். சிலர் அதை வாசிப்பு என்றும் சொன்னார்கள். "நீ நெறய பேசுவ இல்ல, அத்த அப்டியே எழுது" என்றான் மோகன். அப்படியே எழுதுகிறேன்.

அண்ணனை உங்களில் பலருக்கு மேடையில்தான் தெரியும். பகலில் அவர் அம்பத்தூர் பக்கம் பாடியில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோரில் வேலை பார்த்தார். நட்டும் போல்ட்டும் எடுத்துக் கொடுக்கிற வேலை. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வெள்ளைச் சட்டை, பவுடர், சட்டைப்பையில் கற்கண்டு. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் அவர் பாடாத கல்யாண மண்டபம் புதிதாகக் கட்டியதாக இருக்கும். குழுவில் யாரையும் அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மோகன் 'கீபோர்டு', நான் 'தபேலா'. என் மனைவி பிலோமினாவை 'தபேலா ஊட்டம்மா' என்பார். பிலோமினாவுக்கு அதில் இன்றுவரை வருத்தம்.

அவர் எத்தனையோ பாட்டுப் பாடினார். ஆனால் ஜனங்கள் காத்திருந்தது ஒரு பாட்டுக்கு. எது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெளியாட்கள் யாராவது படித்தால் அவர்களுக்காக: எண்பதுகளில் வந்த காதல் பாட்டு. படம் வந்த வேகத்தில் தியேட்டரை விட்டுப் போய்விட்டது. பாட்டு போகவில்லை. முதலில் ஒரு ஹம்மிங், பிறகு மெதுவாகப் பல்லவி, அப்புறம் இரண்டு சரணம். ஒவ்வொரு சரணத்துக்கும் முன்னால் ஒரு இடையிசை. அதை நாங்கள் பிஜிஎம் என்போம். முதல் பிஜிஎம்மில் வயலின் கூட்டமாக வரும். இரண்டாவதில் புல்லாங்குழலும் தபேலாவும் மட்டும். பாடுகிறவர் வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டிய இடம் அது.

அண்ணன் பெயர் வாங்கியது அந்த இடத்தில்தான்.

அது ஒரு தவறில் தொடங்கியது. பாடியில் ஒரு வரவேற்பு. மோகன் எதிரில் போன ஐஸ்கிரீமைப் பார்த்துக்கொண்டே வாசித்ததில் இரண்டாவது பிஜிஎம்மை முடித்துச் சரணத்துக்குக் கொடுக்காமல் மறுபடி முதலிலிருந்து வாசித்துவிட்டான். நானும் அவனோடு போனேன். அண்ணன் மைக்கைப் பிடித்தபடி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். அந்த நேரத்தில், சாயங்காலம் முழுக்க போட்டோவுக்கு முன்னால் பார்த்தபடி விறைத்து நின்ற பெண்ணும் மாப்பிள்ளையும், பாட்டு ஏன் வரவில்லை என்று ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்ததும் இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மண்டபத்தில் விசில் பறந்தது.

இறங்கியதும் மோகன் திட்டு வாங்கத் தயாராக நின்றான். அண்ணன் சொன்னது இவ்வளவுதான்: "கீபோர்டு, இனிமே இதான். அதுங்க ரெண்டும் மூஞ்சிய பாக்கற வரிக்கும் ரெண்டாவது பிஜிஎம்ம நிறுத்தாத. நான் கை காட்றேன்."

அன்றிலிருந்து அதுவே சட்டம். உள்ளங்கையை விரித்துப் பிடித்தால் 'சுத்து' என்று அர்த்தம். மூடினால் சரணம். மைக்கைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு எங்களைப் பார்த்து "பாத்தாச்சா?" என்பார். நாங்கள் எட்டிப் பார்த்துத் தலையாட்ட வேண்டும். சில ஜோடி முதல் சுற்றிலேயே பார்த்துவிடும். சிலர் எங்கள் விரலை வீங்க வைத்திருக்கிறார்கள். வீங்க வைத்தவர்களில் முதல் இடம் யாருக்கு என்று இந்த மலரைப் படிக்கிற பாதிப் பேருக்குத் தெரியும். எனக்குத்தான்.

என் கல்யாண வரவேற்பில் எனக்குப் பதில் தபேலாவில் உட்கார்ந்தவர் பெரம்பூரிலிருந்து வந்தவர், விஷயம் தெரியாது. நான் பிலோமினாவை அதற்கு முன் பெண் பார்த்த அன்று பார்த்ததோடு சரி. மேடையில் பக்கத்தில் நிற்கிறாள், எனக்குக் கழுத்து திரும்பவில்லை. மின்விசிறியைப் பார்த்தேன். வீடியோ லைட்டைப் பார்த்தேன். பந்திக்குப் போகிறவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தேன். அண்ணன் உள்ளங்கையை விரித்தவர் மூடவில்லை. "மச்சான், இந்தப் பக்கம்டா!" என்று கூட்டத்தில் கத்துகிறார்கள். கடைசியில் பிலோமினா உதடு அசையாமல் சொன்னாள்: "கொஞ்சம் திரும்பிப் பாருங்க. பாவம், தபேலாக்காரருக்குக் கை வலிக்குது." அவள் என்னிடம் பேசிய முதல் வாக்கியம் அது. அன்றைக்கு அவள் பரிதாபப்பட்டது என் மேல் இல்லை, பெரம்பூர்க்காரர் மேல்.

இந்தப் பாட்டு ஏன் இன்னும் சாகவில்லை என்று எனக்கு நெடுநாளாகக் கேள்வி. நிலா, தூறல், கண், கனவு எல்லாம் மற்ற பாட்டிலும் இருக்கிறது. மெட்டு நன்றாக இருக்கிறது என்றால், அதைவிட நல்ல மெட்டுகள் எங்களோடு சேர்ந்து நரைத்துவிட்டன. என் மகள் ஜெனிபர் ஐ.டி. கம்பெனிப் பேருந்தில் காதில் மாட்டிக்கொண்டு கேட்பது இதைத்தான். "எங்க காலத்துப் பாட்டும்மா அது" என்று ஒருநாள் பெருமையாகச் சொன்னேன். "உங்க காலத்துல வந்ததுப்பா. எங்க பாட்டு" என்றாள்.

அண்ணனிடமே கேட்டேன். ஆவடியில் கச்சேரி முடிந்து ஸ்பீக்கர் ஏற்றிக்கொண்டிருந்தோம்.

"இது மட்டும் ஏண்ணே பழசாவ மாட்டேங்குது?"

"பாட்டுல இன்னா கீது? ஊர்ல எல்லாரும்தான் பாட்றான். நடுவுல வாய மூடிக்கினு நிக்கறோம் பாரு, அதுலதான் கீது. மத்த பாட்டுல எல்லாத்தையும் அவனே சொல்லிட்றான். இதுல நம்மளுக்குக் கொஞ்சம் எடம் உட்டு வெச்சிருக்கான்."

இன்னொரு முறை, கண்ணை மூடி உருகிப் பாடிய ஒரு புதுப் பையனைப் பற்றிச் சொன்னார்: "காதல் பாட்டு பாட்றவன் காதலிக்கக் கூடாது நைனா. கேக்கறவன் காதலிக்கணும். நீயே எல்லாத்தையும் அழுது முட்ச்சிட்டா அவன் இன்னா பண்ணுவான்?" அவர் அந்தப் பாட்டைப் பாடும்போது முகத்தில் ஒன்றும் இருக்காது. ஸ்டோரில் போல்ட் எடுத்துக் கொடுக்கிற முகம்தான்.

அவர் மனைவி ரீத்தா அண்ணியிடம் ஒருநாள் நான் வம்புக்குக் கேட்டேன், உங்களுக்காக அண்ணன் இதைப் பாடியிருக்கிறாரா என்று. "எங்க? ஊர்ல கீற பொண்ணு மாப்ளய எல்லாம் பாக்க வெப்பாரு. என் மூஞ்சிய பாத்து சாப்ட்டியான்னு கேக்கறதோட சரி" என்றார். அண்ணன் பேப்பருக்குப் பின்னாலிருந்து "சாப்ட்டியா?" என்றார்.

பிறகு தொண்டையில் ஆபரேஷன் ஆனது. குரல் போய், காற்று மட்டும் மிஞ்சியது. குழுவில் புதுப் பையன் பாடத் தொடங்கினான். அண்ணன் நிறுத்தவில்லை, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து மேடை ஓரத்தில் நாற்காலியில் உட்கார்ந்து கை மட்டும் காட்டுவார். பிறகு குழுவும் கலைந்தது. டி.ஜே. பையன்கள் வந்துவிட்டார்கள்.

இனி நான் எழுத நினைத்த விஷயத்துக்கு வருகிறேன். போன வருடம் மகள் ஜெனியின் கல்யாணம். மாப்பிள்ளை கார்த்திக் ஈரோட்டுப் பையன், அவளோடு வேலை பார்ப்பவன், இரண்டு பேரும் விரும்பியது. அவர்கள் வழக்கப்படி முதல்நாள் சாயங்காலம் வரவேற்பு, எங்கள் வழக்கப்படி மறுநாள் காலை மாதா கோயிலில் திருமணம். இரண்டு வழக்கத்துக்கும் நடுவில் ஓர் இரவு இருந்தது. அந்த இரவு எனக்குப் பெரிதாகத் தெரியப் போகிறது என்று அப்போது நான் நினைக்கவில்லை.

வரவேற்பில் ஜெனியிடம் பரிசைக் கொடுத்த ஒரு நண்பன் கார்த்திக்கைக் கட்டிப்பிடித்து, "பெங்களூர் டிரான்ஸ்ஃபர் ஓகே ஆயிடுச்சாமே, கங்கிராட்ஸ்டா!" என்றான். ஜெனிக்கு அது தெரியாது. ஆவடியில் ஃபிளாட் பார்த்து முடித்திருந்தார்கள். அங்கிருந்து எங்கள் வீட்டுக்கு ஒரே பஸ். போட்டோ எடுத்து முடியும்வரை ஜெனியின் முகத்தில் சிரிப்பு இருந்தது. முடிந்ததும் அவன் கையை விட்டுவிட்டாள். என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

"அப்பா, நாளைக்குக் காலைல நான் சர்ச்சுக்கு வரல."

"இன்னாம்மா சொல்ற?"

"இதையே சொல்லாதவன் இன்னும் என்னென்ன சொல்லாம வச்சிருக்கானோ. நான் வரல."

அவள் விளையாட்டுக்குச் சொல்கிறவள் இல்லை. நான் கீழே ஓடி பிலோமினாவிடம் சொன்னேன். நான் போய்ப் பேசுகிறேன் என்றதும் என் கோட்டைப் பிடித்து இழுத்தாள். "நீங்க மட்டும் பேசாதீங்க. நீங்க பேசினா கண்டிப்பா நின்னுடும்."

முதல் வரிசையில் அண்ணி பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணன் விரலால் என்னைக் கூப்பிட்டார். காதை அவர் வாய்க்குக் கொடுத்தால்தான் கேட்கும்.

"தபேலா, பொண்ணு மாப்ள மூஞ்சிய பாக்க மாட்டேங்குதே?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லண்ணே."

"இன்னா ஒண்ணுமில்ல? காலம் பூரா இத்தான பாத்துகினு கீறேன். அந்தப் பாட்டப் போடச் சொல்லு."

டி.ஜே. பையன் உடனே போட்டான். கூட்டம் ஆரவாரம் செய்தது. ஜெனி ஒரு பக்கம், கார்த்திக் ஒரு பக்கம். இரண்டாவது பிஜிஎம் வந்தது, போனது, சரணம் வந்துவிட்டது. ரெக்கார்டு யாருக்கும் காத்திருக்காது. அண்ணன் கையை விரித்து வைத்திருந்தது வீணாகிவிட்டது. அவர் அதைப் பாதியில் நிறுத்தச் சொன்னார். ஜெபப் பாட்டுக்காகப் பாடகர் குழு கொண்டுவந்திருந்த கீபோர்டு ஓரத்தில் இருந்தது. மோகனை அதில் உட்கார வைத்தார். தபேலாவுக்கு எங்கே போவது? பந்தியிலிருந்து ஒரு காலித் தண்ணீர் கேனை எடுத்துவரச் சொன்னார்.

"அண்ணே, நான் பொண்ணோட அப்பா. கோட்டுப் போட்டுகினு கேனைத் தட்டச் சொல்றியே."

"அதனாலதான் உன்ன சொல்றேன். வேற எவனா இருந்தாலும் கை வலிச்சா நிறுத்திடுவான்."

மேடை ஓரத்தில், மகள் வாங்கிக் கொடுத்த கோட்டோடு கீழே உட்கார்ந்து கேனை மடியில் வைத்துக்கொண்டேன். சம்பந்தி வீட்டார் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதவில்லை. மோகன் ஹம்மிங்கை வாசித்தான். பாட ஆள் இல்லையே என்று நான் நினைப்பதற்குள் பாட்டு வந்துவிட்டது. மண்டபம் பாடியது. ஜெனியின் ஆபீஸ் பிள்ளைகள், கார்த்திக்கின் பெரியப்பா, பரிமாறுகிறவர்கள், போட்டோகிராபர். அந்தப் பாட்டு வந்தபோது பிறந்திராதவர்கள்தான் அதில் பாதிப் பேர். ஒருவருக்கும் ஒரு வார்த்தை தப்பவில்லை. அண்ணன் வாயைக்கூட அசைக்கவில்லை. மேடை ஓரத்துக்கு வந்து ஸ்டோர் முகத்தோடு நின்றார்.

இரண்டாவது பிஜிஎம் வந்தது. உள்ளங்கை விரிந்தது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஜெனிக்கு இந்த வித்தை தெரியும். அப்பா கல்யாணக் கதையைக் கேட்டுச் சிரித்து வளர்ந்தவள். அதனால் வீம்பாக நேரே பார்த்துக்கொண்டு நின்றாள். நாங்கள் சுற்றினோம். மறுபடி சுற்றினோம். முதலில் சிரித்த கூட்டம் பிறகு என்னவோ சரியில்லை என்று கிசுகிசுக்கத் தொடங்கியது. "நிறுத்துங்கப்பா" என்று ஜெனி உதட்டால் சொன்னாள். எனக்கு விரல் எரிந்தது. அண்ணன் கையைப் பார்த்தேன். மூடவில்லை. தொண்டை ஆபரேஷனில் தோளும் பலம் இழந்ததால் அவரால் கையை அவ்வளவு நேரம் தூக்கிப் பிடிக்க முடியாது. மற்றக் கையால் முழங்கையைத் தாங்கிக்கொண்டு நின்றார்.

கார்த்திக்குக்குத்தான் ஒன்றும் தெரியாது. ஜெனி பக்கம் சாய்ந்து, "ஏன் அதையே திருப்பித் திருப்பி வாசிக்கிறாங்க? உங்கப்பாவுக்கு அதுக்கு மேல தெரியாதா?" என்றான். பக்கத்தில் இருந்ததால் எனக்குக் காதில் விழுந்தது. கேள்வி நியாயமானதுதான்.

ஜெனி சட்டென்று அவன் பக்கம் திரும்பினாள். "எங்கப்பாவ ஒண்ணும் சொல்லாத. நாம ரெண்டு பேரும் பாத்துக்குற வரைக்கும் நிறுத்த மாட்டாங்க."

"நான் பாத்துட்டுத்தான இருக்கேன். நீதான் பாக்கல." பிறகு மெதுவாக, "கல்யாணம் முடிஞ்சு சொல்லலாம்னு இருந்தேன். பயமா இருந்துச்சு, ஜெனி" என்றான்.

அவள் வேறு பக்கம் திரும்பவில்லை. அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன் எங்களைப் பார்த்து உதட்டை அசைத்தார், "பாத்தாச்சா?" மோகனும் நானும் தலையாட்டினோம். கை மூடியது. மண்டபம் சரணத்தை எடுத்துக் கத்திய கத்தலில் அதன் பிறகு அவர்கள் என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. நிறையப் பேசினார்கள். திட்டும் இருந்தது என்று கையசைவில் தெரிந்தது.

மறுநாள் காலை ஜெனி கோயிலுக்கு எனக்கு முன்னால் கிளம்பி நின்றாள். பெங்களூர் போகவில்லை என்று முடியும் என நீங்கள் நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். போய்விட்டார்கள். ஆனால் உட்கார்ந்து பேசி, அவளுக்கும் அங்கே வேலை மாற்றிக்கொண்டு, இரண்டு பேருமாக முடிவெடுத்துப் போனார்கள். என்னிடம் கடைசியில்தான் சொன்னார்கள், அது வேறு விஷயம். சண்டை வந்தால் யாராவது ஒருவர் அந்த பிஜிஎம்மை மூக்கால் பாடத் தொடங்கிவிடுவார்களாம். "அவருக்குத் தாளமே நிக்கலப்பா" என்று ஜெனி போனில் குறைப்பட்டாள்.

அண்ணனிடம் இதைச் சொன்னேன். "நின்னா சரி" என்றார். தாளத்தைச் சொன்னாரா, கல்யாணத்தையா என்று நான் கேட்கவில்லை.

அடக்கத்தன்று அம்பத்தூரில் அவர் வீட்டுத் தெருவில் பந்தல் போட்டிருந்தார்கள். ஐஸ் பெட்டிக்குள் வெள்ளைச் சட்டை. மோகன் கீபோர்டைக் கொண்டுவந்துவிட்டு, எடுப்பதா வேண்டாமா என்று தெரியாமல் உறையோடு பிடித்துக்கொண்டு நின்றான். துக்க வீட்டில் காதல் பாட்டு, ஃபாதர் என்ன சொல்வாரோ என்று அவனுக்குப் பயம். ரீத்தா அண்ணி அதைப் பார்த்தார்.

"ஃபாதர் வர்றதுக்கு முன்னாடி வாசிச்சுடுங்கப்பா. வார்த்தை வேணாம். நடுவுல வருமே, அது மட்டும்."

மோகன் புல்லாங்குழல் ஒலியில் வைத்து வாசித்தான். நான் தபேலாவில் சேர்ந்துகொண்டேன். சுற்று முடியும் இடத்தில் இரண்டு பேரும் பழக்கத்தில் அண்ணனைத்தான் பார்த்தோம். கை மார்மேல் கட்டிக் கிடந்தது, ஜெபமாலை சுற்றி. விரியவும் இல்லை, மூடவும் இல்லை. மறுபடி முதலிலிருந்து வாசித்தோம். அதற்கடுத்தும் வாசித்தோம். எங்கே நிறுத்துவது என்று எங்களுக்குத் தெரியவில்லை. இத்தனை வருடத்தில் அது எங்கள் வேலையாக இருந்ததில்லை.

அண்ணி எழுந்து பெட்டியின் பக்கத்தில் போய் நின்றார். கண்ணாடியில் படிந்திருந்த ஈரத்தை முந்தானையால் துடைத்தார். துடைத்த இடத்தில் முகம் தெரிந்தது. குனிந்து பார்த்துக்கொண்டே நின்றார். நாங்கள் வாசித்துக்கொண்டே இருந்தோம். பிறகு திரும்பாமல் சொன்னார்:

"போதும்பா. பாத்துட்டேன்."

நிறுத்தினோம்.

அவர் குரல் என்னிடம் இல்லை. வீடியோ கேசட்டுகள் இருந்தன, பூஞ்சை பிடித்துவிட்டன. பாட்டு எல்லோரிடமும் இருக்கிறது, அவரவர் போனில். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு பழக்கம் மட்டும். எங்கே அந்தப் பாட்டுக் கேட்டாலும் இரண்டாவது பிஜிஎம்மில் பக்கத்தில் இருப்பவரைத் திரும்பிப் பார்க்கிறேன். கம்பெனி வேனில் அது பெரும்பாலும் தூங்குகிற ஷிஃப்ட் ஆள். வீட்டில் பிலோமினா. அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே தலையைத் தூக்காமல் இருப்பாள். ரேடியோவில் சரணம் ஆரம்பித்துவிடும், அது காத்திருக்காது. நான் காத்திருக்கிறேன்.